லல்லா பத்தூலின் ரொட்டித் துணிகள்

செஃப்ரூ ஊரில், ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் சந்தில், லல்லா பத்தூலின் கண்ணுக்குத் தப்பிய கோணல் தையல் என்று ஒன்று கிடையாது. சாவு வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருக்கும் விதவையைக் கட்டிக்கொண்டு மனசாரத்தான் அழுவாள். அழுது முடித்து நிமிரும்போது, அந்த அம்மாளின் தோளில் தொங்கிக்கொண்டிருந்த நூல் பத்தூலின் பல்லிடுக்கில் இருக்கும்.

பால் பல் விழுகிற வயதில் அவளைப் பூத்தையல் வீடு ஒன்றில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே இருந்த எஜமானி, தையல் கோணினால் விரலில் மாட்டிய பித்தளைத் தொப்பியாலேயே பிள்ளைகளின் விரல் முட்டியில் தட்டுவாள். பத்தூலுக்குத் தையலும் வந்தது, முட்டி வலியும் வந்தது, இரண்டில் எது முதலில் வந்தது என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது. பெண் பார்க்க வந்த முதல் மாப்பிள்ளையின் சட்டையில் ஒரு பொத்தான் ஆடிக்கொண்டிருந்தது. காபியை வைத்துவிட்டு ஊசியை எடுத்து வந்தாள். பொத்தானைத் தைத்துக் கொடுத்து, ஆளை வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அடுத்து வந்தவனின் தாயாருக்கு ஜெல்லாபா அங்கியின் ஓரம் பிரிந்திருந்தது. அதற்கப்புறம் யாரும் வரவில்லை. தான்தான் எல்லாரையும் வேண்டாமென்றதாகப் பத்தூல் சொல்லுவாள். சந்துக்காரர்கள் மறுத்துப் பேசமாட்டார்கள், ஏனென்றால் எல்லார் வீட்டிலும் ஏதாவது கிழிந்திருக்கும்.

இப்படிப்பட்ட மனுஷியிடம் போய்ப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள் மாதர் சங்கத்துக்காரர்கள். பள்ளிவாசலுக்குப் பின்னால் சங்கத்துக்கு ஓர் அறை உண்டு. அதில் புதன்கிழமையும் சனிக்கிழமையும் மதியத்துக்கு மேல் வகுப்பு. ஊசி குத்தி வைக்கும் மெத்தை, சூடான பாத்திரம் பிடிக்கிற துணி, புதினா வாங்கிவரப் பை என்று வீட்டுக்கு உபயோகமான சாமான்களைப் பிள்ளைகள் கையாலேயே தைக்க வேண்டும். பத்துப் பதினைந்து பிள்ளைகள் சேர்ந்தார்கள். எல்லாரும் ஆறு, ஏழு, எட்டு வயசு.

வகுப்பு எப்படி நடந்தது என்று சொல்கிறேன். பிள்ளை ஊசியை எடுக்கும். ஒரு தையல் போடும், அது கோணும். "கையை எடு" என்பாள் பத்தூல். துணியை வாங்கிப் பிரிப்பாள், தானே நாலு தையல் போட்டுக் காட்டுவாள், பார்த்தாயா என்பாள், இன்னும் நாலு போடுவாள். போட ஆரம்பித்த பிறகு அவளால் நிறுத்த முடியாது. அதற்குள் பக்கத்துப் பிள்ளை கோணலாகப் போட்டிருக்கும். அதற்கும் ஒரு "கையை எடு". பிள்ளைகள் போன பிறகும் உட்கார்ந்து, மிச்சம் மீதி இருந்த அவர்கள் தையலையெல்லாம் பிரித்துப் போடுவாள். ஒரு வருஷ முடிவில் பிள்ளைகள் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒரே ஒரு வித்தை: ஊசியில் நூல் கோத்து அதை லல்லா பத்தூலிடம் நீட்டுவது. அதில் எங்கள் சந்துப் பிள்ளைகளை அடித்துக்கொள்ள இந்த ஊரில் ஆள் இல்லை.

இந்த நேரத்தில்தான் சங்கத் தலைவி மதாம் வர்தா நகரத்திலிருந்து ஆள் அனுப்பினாள். அந்த அறையைத் தலையலங்கார வகுப்புக்குக் கேட்கிறார்களாம். தையல் வகுப்பு என்னத்தைக் கிழித்தது என்று நோன்பின் கடைசி வாரம் நேரில் வந்து பார்ப்பாளாம். பிடித்தால் அறை தையலுக்கே, இல்லாவிட்டால் சீப்புக்கும் கத்திரிக்கும்.

அந்த அறையை விட்டால் பத்தூலுக்கு வேறு என்ன இருக்கிறது? வீட்டில் திரைச்சீலைகளுக்கு இரண்டு தடவை ஓரம் மடித்தாகிவிட்டது. புதன்கிழமையும் சனிக்கிழமையும் அவளை "லல்லா" என்று மரியாதையாக, வாய் நிறையக் கூப்பிட அந்தப் பிள்ளைகளை விட்டால் நாதியில்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடமே சொல்லிக்கொண்டதில்லை.

ஆளுக்கொரு ரொட்டித் துணி என்று முடிவு செய்தாள். எங்கள் வீடுகளில் மாவைப் பிசைந்து, பலகையில் வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டுச் சந்தின் பொது அடுப்புக்கு அனுப்புவோம். பிள்ளைகள்தான் தலையில் வைத்துக்கொண்டு போகும். அந்தத் துணியைப் பிள்ளையே தைத்தால் எத்தனை உபயோகம், எத்தனை அழகு. ஒரே வெள்ளைத் துணிச் சுருளை வாங்கி ஒரே அளவில் வெட்டினாள். சுற்றிலும் நீல நூலில் ஓட்டுத் தையல், நாலு மூலையிலும் நீலத்தில் சின்னக் கண்ணி. பிள்ளைகள் தைத்தார்கள், அவள் பிரித்தாள். பிரித்ததை அவளே தைத்தாள். கடைசியில் எல்லாத் துணியும் அச்சில் வார்த்த மாதிரி வந்தன.

ஒன்றைத் தவிர. ஷாமா என்று ஒரு வாயாடி. பொதுக் குளியலறையில் முதுகு தேய்க்கிற ஸாலிஹாவின் மகள். அவள் பத்தூலுக்குத் தெரியாமல் துணியை வீட்டுக்குக் கொண்டுபோய், எங்கேயோ கிடைத்த சிவப்புக் கம்பளி நூலால் நடுவில் ஒரு சேவலைத் தைத்துவிட்டாள். சேவல் என்று அவள் சொன்னாள். பார்த்தவர்களுக்குத் தேநீர்க் கெண்டி மாதிரி இருந்தது. ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு, ஒவ்வொரு முடிச்சும் கடலை அளவு. பிரித்தால் துணியே கிழியும். மதாம் வர்தா வந்த அன்றைக்குப் பத்தூல் அதை மடித்துத் தன் நாற்காலியில் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மதாம் வர்தா கொடியில் வரிசையாகத் தொங்கிய துணிகளைப் பார்த்தாள். படம் எடுத்துக்கொண்டாள். எல்லாம் ஒரே கை தைத்தது போல இருக்கிறதே, இந்த வயசுப் பிள்ளைகளா என்று வியந்தாள். பத்தூல் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, எல்லாம் கடவுள் கொடுத்தது என்றாள். பொய் சொல்லவில்லை பாருங்கள், அதுதான் அவள் சாமர்த்தியம். பெருநாள் கழிந்து மறுபடி வருகிறேன், பிள்ளைகள் இப்படியே நிறைந்திருந்தால் அறை உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள் தலைவி. பத்தூல் சந்தோஷத்தில் அன்றைக்கே துணிகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினாள். சூடு ஆறாத சேவலையும் ஷாமாவிடம் கொடுத்தாள்.

வினை அங்கேதான் இருந்தது.

எங்கள் சந்து அடுப்புக்காரர் பா புஷ்தா. அவருக்குத் தன் மூளையைப் பற்றி ரொம்பப் பெரிய நினைப்பு. பெயர் கேட்கமாட்டார், அடையாளம் எழுதமாட்டார். துணியைக் காட்டு, வீட்டைச் சொல்கிறேன் என்று மார்தட்டுவார். பழைய பச்சைத் திரைச்சீலையின் துண்டு என்றால் பத்திரம் எழுதுகிறவர் வீடு. கோடு போட்ட பைஜாமாக் கால் என்றால் தச்சர் வீடு. மாவை உள்ளே தள்ளியதும் துணியை அதன் வரிசைப்படி ஆணியில் மாட்டுவார். வெந்து வந்ததும் துணியைப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். துணிதான் விலாசம்.

மறுநாள் பிற்பகல். பெருநாள் பிஸ்கட் சுடுகிற நாள். தட்டுகளோ அடுப்புக்குச் சொந்தமானவை, எல்லாம் ஒரே கருப்பு. பிஸ்கட்டுக்கும் எங்கள் ஊரில் ஒரே உருவம்தான்: உருண்டை, மேலே வெடிப்பு. ஒவ்வொரு தாயும் பிள்ளை தைத்த துணி என்ற பெருமையில் பழைய திரைச்சீலையையும் பைஜாமாக் காலையும் மூலையில் போட்டுவிட்டுப் புது வெள்ளைத் துணியை மூடி அனுப்பியிருந்தாள். பா புஷ்தா விடியலிலிருந்து சிகரெட் இல்லாமல் எரிந்துகொண்டிருந்தார். வாங்கினார், தள்ளினார், மாட்டினார். திரும்பிச் சுவரைப் பார்த்தபோது ஆணிதோறும் ஒரே வெள்ளை, ஒரே நீலம். நடுவில் ஒரே ஒரு சிவப்புக் கெண்டி.

அப்போதாவது மனுஷன் வாயைத் திறந்து, எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஷாமா வீட்டுத் தட்டைச் சரியாகக் கொடுத்தார். மிச்சத்தையெல்லாம் முகத்தில் ஒரு சந்தேகமும் காட்டாமல், வந்த பிள்ளை கையில் வந்த தட்டு என்று தூக்கிக் கொடுத்தார். யாராவது ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். நோன்பு நாளில் யார் கிள்ளுவார்கள்?

சூரியன் மறைந்தது, பாங்கு கேட்டது. பேரீச்சம்பழம் ஆயிற்று, சூப் ஆயிற்று, தட்டிலிருந்து ஆளுக்கொரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார்கள். தச்சர் மனைவி மஹ்ஜூபா வருஷம் பூராவும் பாதாம் சேர்த்து வைத்துச் சுட்டவள். அவள் பல்லில் அரைபட்டது வேர்க்கடலை. பத்திரம் எழுதுகிறவர் வீட்டில் வேறு கதை. அவர் ஒன்றைக் கடித்தார், கண்ணை மூடினார், இன்னொன்றை எடுத்தார். "நுஃபீஸா, கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் உன் கைப்பக்குவம் எனக்கு விளங்குது" என்றார். நுஃபீஸா சந்திலேயே பெரிய வீட்டுக்காரி. தன் வீட்டில் பாதாமைத் தவிர எதுவும் நுழையாது என்று எல்லாக் கல்யாணத்திலும் சொல்லிக்கொண்டு திரிகிறவள். அவளுக்குத் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

மறுநாள் அடுப்பு வாசலில் சந்தே கூடிவிட்டது. ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு முகம். அவரவர் தட்டை அவரவர் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் பா புஷ்தா. எள் போட்டவள் எள்ளை எடுத்தாள். சோம்பு போட்டவள் சோம்பை எடுத்தாள். பாதாம் தட்டைக் கையில் வைத்திருந்த நுஃபீஸா அதைக் கீழே வைப்பதாக இல்லை, அது தன்னுடையதுதான் என்று சாதித்தாள். வேர்க்கடலைத் தட்டு நடுத்தெருவில் அநாதையாகக் கிடந்தது. அதைத் தொட ஒரு கை நீளவில்லை. யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். மஹ்ஜூபா அந்தத் தட்டைப் பார்த்தாள், நுஃபீஸாவைப் பார்த்தாள்.

பேச்சு தன் பக்கம் திரும்புவதற்குள் நுஃபீஸா முந்திக்கொண்டாள். குற்றம் துணியில் என்றாள். பிள்ளை தைத்த துணி என்றால் பிள்ளை தைத்த மாதிரி இருக்க வேண்டாமா, இது என்ன கொள்ளை என்று குரலை உயர்த்தினாள். பக்கத்தில் நின்ற தன் மகனைப் பிடித்து, இதில் நீ போட்ட தையல் எது என்று கேட்டாள். பையன் துணியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, நான் நூல்தான் கோத்தேன் என்றான். மற்றப் பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். பா புஷ்தாவும், அதைத்தானே நான் நேற்றே சொன்னேன் என்றார், நேற்று அவர் வாயே திறக்கவில்லை. கடலையை மறந்துவிட்டுக் கூட்டம் பத்தூல் வீட்டுக்கு நடந்தது. துணிகளை வாசலில் குவித்துப் போட்டார்கள். இனி எங்கள் பிள்ளைகள் வகுப்புக்கு வராது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மாட்டிக்கொண்டவள்தான் எல்லாரையும்விட உரக்கக் கத்தினாள். உலகத்தில் எங்கேயும் அப்படித்தான்.

பத்தூல் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிள்ளைகள் இல்லாவிட்டால் அறை இல்லை. பெருநாள் கழிந்து மதாம் வர்தா வரும்போது காலி நாற்காலிகளையா காட்டுவது? முகத்தைக் கழுவிக்கொண்டு, துணிகளைப் பொறுக்கியெடுத்து உட்கார்ந்தாள். அடையாளம்தானே வேண்டும், போட்டால் போயிற்று. பெருநாள் முழுக்க, ஊர் புதுத்துணி உடுத்தி வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்க, இவள் ஒரு துணிக்கு இலை, ஒன்றுக்கு நட்சத்திரம், ஒன்றுக்கு மொட்டு என்று தைத்துத் தள்ளினாள். எல்லாம் துவரம்பருப்பு அளவு, எல்லாம் அதே நீலம். எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் போனாள்.

பா புஷ்தா ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். வருஷக்கணக்காகப் புகை தின்ற கண். இன்னொன்றைப் பிடித்தார்.

"லல்லா, ரெண்டுலயும் கொசு உக்காந்திருக்கு" என்றார். "எந்தக் கொசு எந்த வீட்டுக் கொசுன்னு நான் எப்படிம்மா கண்டுபிடிக்க?"

பிறகு ஆணியில் கிடந்த ஷாமாவின் துணியை எடுத்து அவள் முன்னால் விரித்தார். அன்று காலை ரொட்டியோடு வந்தது. "இது மாதிரி கொண்டாங்க. கண்ண மூடிக்கிட்டுத் தடவினாலே போதும், இது ஸாலிஹா வீடுன்னு சொல்லிடுவேன்."

தான் எதன்மேல் உட்கார்ந்திருந்தாளோ, அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் பத்தூல். வீட்டுக்கு வந்து, சரி, கோணலாகவே தைப்போம் என்று ஊசியை எடுத்தாள். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று வேண்டுமென்றே தப்பாகப் போட்டாள். முடித்துப் பார்த்தால் கோணல்கள் எல்லாம் ஒரே இடைவெளியில், ஒரே உயரத்தில், அலை அலையாக ஒரு புதுக் கரையே வந்திருந்தது. அருமையான கரை. அதைத் தூக்கி எறிந்தாள். அவள் கைக்கு அது வராது. அந்தக் கையை அப்படிப் பழக்கிவிட்டிருந்தார்கள்.

வேறு வழியில்லாமல் குளியலறை வாசலில் போய் நின்றாள். ஸாலிஹா ஈரத் துண்டோடு வெளியே வந்தாள். பத்தூல் சுற்றி வளைத்து என்னென்னவோ பேசினாள். வந்த விஷயம் ஷாமாவை வகுப்புக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான், அவள் வந்தால் மற்றப் பிள்ளைகளும் வரும் என்பதுதான்.

"அனுப்புறேன், எல்லார் வீட்லயும் நானே பேசுறேன்" என்றாள் ஸாலிஹா. "ஆனா ஒண்ணு லல்லா. பிள்ளைங்கதான் தைக்கணும். நீங்க தொடக்கூடாது. என் பொண்ணு அன்னைக்கு வீட்டுக்கு வந்து, நான் தைச்சதுமேல லல்லா உக்காந்துட்டாங்கம்மான்னு சொன்னா. எனக்கு நெஞ்சு எரிஞ்சுபோச்சு."

பத்தூல் சரியென்று தலையை ஆட்டினாள்.

புதன்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். அவள் கையிரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதுதான் அவள் செய்த பெரிய வேலை. ஒருத்தி மஞ்சளில் மீன் தைத்தாள், அதற்குக் கால் இருந்தது. தச்சர் பையன் ரம்பம் தைத்து விரலில் ரத்தம் வரவழைத்துக்கொண்டான். நுஃபீஸாவின் மகன் ஒரு பெரிய காப்பிக்கொட்டை நிறப் பருப்பைத் தைத்தான். அது என்ன பருப்பு என்று யாரும் கேட்கவில்லை. முட்டியில் தட்டு வாங்குகிற மாதிரி ஒவ்வொரு தையலுக்கும் பத்தூல் உதட்டைக் கடித்தாள்.

அந்த அமளிக்கு நடுவில்தான் மதாம் வர்தா உள்ளே வந்தாள். மீனைப் பார்த்தாள், ரம்பத்தைப் பார்த்தாள். அதே பிள்ளைகள்தானா என்று கேட்டாள். பிறகு பத்தூலை ஓரமாக அழைத்து, நகரத்துக் கண்காட்சிக்கு அந்த வெள்ளைத் துணி மாதிரியே ஒரு வரிசை வேண்டும், அடுத்த வாரம் அனுப்பிவிடுங்கள், அறையின் சாவியை இன்றைக்கே தருகிறேன் என்றாள். சாவியைக் கையில் எடுத்தும்விட்டாள்.

நாலு நாள் போதும் பத்தூலுக்கு, தூக்கத்திலேயே தைத்துவிடுவாள். சாவியைப் பார்த்தாள். ஷாமா பல்லால் நூலைக் கடித்துக்கொண்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நீங்க பார்த்தது அத்தனையும் என் கை, மதாம்" என்றாள் பத்தூல். "இதுதான் இவங்க கை. இவங்க இப்பத்தான் கத்துக்குறாங்க."

மதாம் வர்தாவுக்குக் கோபம்கூட வரவில்லை. நிஜமாகவே புரியாமல் பார்த்தாள். "உண்மைய யாரு லல்லா கேட்டா? நான் துணியத்தானே கேட்டேன்?"

சாவி பைக்குள் போயிற்று. இப்போது அந்த அறையில் சீப்பும் கத்திரியும் நடக்கின்றன. கண்ணாடி நிறைய, நல்ல கூட்டம்.

தையல் வகுப்பு பா புஷ்தாவின் விறகுக் கிடங்குக்குப் போய்விட்டது. இடம் கொடுத்தது தன் பெருந்தன்மை என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறார். நாளெல்லாம் சத்தம், விறகெல்லாம் நூல் என்று அதே வாயால் திட்டுகிறார். வெள்ளைத் துணி கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறமாகிவிடும். தட்டுகள் மட்டும் இப்போது மாறுவதில்லை. நுஃபீஸா வீட்டுத் தட்டைப் பருப்பை வைத்தே எல்லாரும் அடையாளம் சொல்கிறார்கள்.

போன சனிக்கிழமை பத்தூலின் ரொட்டி காணாமல் போயிற்று. எல்லார் துணியிலும் ஏதோ ஒரு உருவம் இருக்க, வெறும் வெள்ளைத் துணி அவளுடையது ஒன்றுதான். அதுவே அடையாளம் என்று நினைத்திருந்தாள். சங்கத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் குடிவந்தவர்களும் வெள்ளைத் துணி மூடி அனுப்பியிருக்கிறார்கள். பா புஷ்தா தூக்கிக் கொடுத்துவிட்டார், வழக்கம்போல ஒரு சந்தேகமும் இல்லாமல்.

பத்தூல் துணியை எடுத்துக்கொண்டு வந்து கிடங்கில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு ஷாமாவிடம் நீட்டி, எனக்கும் ஏதாவது தைத்துக்கொடு என்று கேட்டாள். என்ன வேண்டும் என்று கேட்காமலேயே ஷாமா சிவப்பு நூலை எடுத்தாள். பத்தூலின் பெரிய மூக்குக்கண்ணாடியோடு ஒரு முகம் மெள்ள மெள்ள வர ஆரம்பித்தது. ஒரு கண் மேலே, ஒரு கண் காதுக்குப் பக்கத்தில். வாய் வருகிற இடத்தில் நூல் ஒரேயடியாக இழுத்துக்கொண்டு துணி சுருங்கியது. பத்தூலின் விரல் தன்னையறியாமல் நீண்டு துணியின் ஓரத்தைப் பிடித்தது.

ஷாமா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"லல்லா, கையை எடுங்க."

பத்தூல் கையை எடுத்தாள்.